மூன்றாம் வீடும் நாற்பத்தோராம் வீடும்

எங்கள் ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நுழைகிற இடத்தில் பளிங்குக் கல்லில் செதுக்கி, திறந்து வைத்தவர்களின் பெயர்களையும் கீழே போட்டு, நன்றாகத்தான் வைத்தார்கள். ஒருத்தரும் அதைச் சொல்வதில்லை. மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் கொண்டக்டர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். "ஏழாம் நம்பர்" என்று சொல்லுங்கள், சரியான இடத்தில் இறக்கிவிடுவார். தேயிலை இருந்த காலத்தில் அது தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலை. தேயிலையைப் பிடுங்கி, சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக்கி, அறுபத்திரண்டு வீடு கட்டிய பிறகும் அது ஏழாம் நம்பர்தான்.

என் பெயர் சுதாகரன். மஸ்கெலியா டவுனில் ஸுஹைர் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் வேலை. சிங்களம் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஊரில் யாருக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் அது என் தலையில்தான் வந்து விழும். மரண உதவிச் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். அந்தப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை, கூட்டத்துக்கு வராத அன்று தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பேச்சியம்மாவின் கதையில் ஒரு தடவை என் வாயும், ஒரு தடவை என் கையும் வேலை பார்த்திருக்கின்றன.

பேச்சியம்மா எனக்கு அக்கா முறை. வயது அறுபத்தொன்று. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். மகள் வினோதாவுக்கு நாலு வயதாக இருந்தபோது புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா தனி ஆளாக நின்று மகளை வளர்த்து, படிக்கவைத்து, நானுஓயாவில் கட்டிக்கொடுத்தார். கேட்டால் இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அதுல என்னடா இருக்கு, எல்லாரும் செய்யிறதுதானே" என்பார். வாய் மட்டும் அப்பப்பா! இந்த மலையிலிருந்து கத்தினால் அடுத்த மலையில் பறித்துக்கொண்டிருப்பவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

அந்த வாயின் அருமை எங்களுக்கு மண்சரிவு நேரத்தில்தான் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில், குடும்பத்துக்கு ஒரு அறையாக ஒரே கூரையின் கீழ் நீண்டு கிடந்த எங்கள் லயத்தின் பின்பக்கத்து மண் அப்படியே இறங்கி, கடைசி நாலு காம்பராக்களை மூடிவிட்டது. பகல் நேரம், எல்லாரும் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லயத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாற்பது குடும்பம் மாசக்கணக்கில் கிடந்தோம். இரண்டே இரண்டு கக்கூஸ். காலையில் அங்கே நடந்த சண்டையைச் சொன்னால் வெட்கக்கேடு. அக்கா ஒரு நாள் பார்த்தார், மறுநாள் விடியும்போது கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வேலைக்கு, பெரட்டுக்குப் போறவங்க முதல்ல. பள்ளிக்கூடப் புள்ளைங்க அடுத்தது. சும்மா இருக்கிற ஆம்பளைங்க கடைசியில. பேசுறவன் இன்னும் கடைசியில." அவ்வளவுதான், சண்டை நின்றது. அந்த வரிசையில் எத்தனையோ நாள் நான் கடைசியில் நின்றிருக்கிறேன்.

பிறகு வீடுகள் வந்தன. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, தனிக் கக்கூஸ், சுற்றிவரக் கொஞ்சம் நிலம். அடடா, எங்கள் சனம் பட்ட சந்தோஷம்! ஆனால் வந்த புதிதில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "சுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் முதல் மாதம் இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் படுத்த கதையெல்லாம் உண்டு. ஆறு மாதத்தில் முதல் வேலி வந்தது. அடுத்த வருஷம் முதல் மதில். பிறகு கேட், கேட்டுக்குள் நாய். இப்போது பாதிப் பேர் மலைக்குப் போவதில்லை. கார்மெண்டுக்குப் போகிறார்கள், ஹட்டனில் கடைக்குப் போகிறார்கள், இளசுகள் கொழும்பில். தீபாவளிக்கு எல்லாரும் வந்து நிறைந்தால்தான் ஊர் ஊராகத் தெரிகிறது. மற்ற நாளில் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போடுவோம், யாராவது செத்தால் அந்தச் சண்டையை மறந்து கூடுவோம். நல்ல ஊர்தான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி.

வீடு பிரித்தது கோயில் முற்றத்தில், சீட்டு இழுத்து. ஒரு டப்பாவுக்குள் நம்பர்கள். இழுத்தவுடன் உத்தியோகத்தர் பெயரையும் நம்பரையும் பெரிய தாளில் எழுதிக்கொண்டே போனார். பேச்சியக்காவுக்கு மூன்றாம் நம்பர் விழுந்தது. ரோட்டோரம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், ஒரு படி கூட ஏற வேண்டாம். "அதிர்ஷ்டக்காரிடி நீ" என்று பெண்கள் அவர் முதுகில் தட்டினார்கள்.

அழகன் அண்ணனுக்கு விழுந்தது நாற்பத்தொன்று. அது உச்சி. கீழே ரோட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி.

அழகன் அண்ணன் லயத்தில் அக்காவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரர். ஒரு காலத்தில் கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே வீச்சில் நறுக்கிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவன் மூச்சு வாங்குவான். அந்தக் கத்தியே ஒரு நாள் வழுக்கி முழங்காலில் இறங்கிவிட்டது. புண் ஆறியது, கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். யாராவது கை கொடுத்தால் கையைத் தட்டிவிடுவார்.

அன்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கோயில் சுவரோரம் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியக்கா நேராக அவரிடம் போனார்.

"அண்ணே, ஒங்க சீட்டக் குடுங்க."

"எதுக்கு தங்கச்சி?"

"குடுங்கன்னா குடுங்களேன். எனக்கு ரோட்டுச் சத்தம் ஒத்துக்காது."

ரோட்டுச் சத்தமாம்! இந்த அக்காவுக்கு! அழகன் அண்ணனுக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்தபடி சீட்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா தன்னுடையதை அவர் கையில் திணித்தார். யாரோ ஒருத்தர், "பேரெல்லாம் எழுதிட்டாங்களே" என்றார்.

அங்கேதான் என் வாய் முந்திக்கொண்டது. "எழுதினா என்ன? இருக்கப் போறது நாமதானே. அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்" என்றேன். எழுதப் படிக்கத் தெரிந்த நான்! எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. ஆனால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லயத்தில் காம்பரா மாற்றிக்கொள்வது சர்வசாதாரணம். இவள் காம்பரா ஒழுகுகிறது, அவள் வீட்டில் ஆள் குறைவு, சரி, மாறிக்கொள்ளலாம். விட்டுப் போகிறவள் அடுப்பை அணைக்காமல் விட்டுப் போக வேண்டும், வருகிறவள் அந்த நெருப்பிலேயே தேத்தண்ணி வைக்க வேண்டும். மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டில், தோட்டத்து அதிகாரி கண்டாக்கையாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கொப்பியில் குறித்துக்கொள்வார். முடிந்தது. எந்தக் காம்பராவும் யாருக்கும் சொந்தமில்லை, அப்புறம் எதற்குப் பத்திரம்? நாலு தலைமுறையாகச் சொந்த வீடு என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத சனம், சொந்த வீட்டையும் அதே மாதிரி மாற்றிக்கொண்டது. பேச்சியக்கா மட்டுமில்லை, ஏழாம் நம்பரில் பன்னிரண்டு வீடு இப்படிக் கைமாறியது. புதிய வீட்டில் சொல்லுவதற்குக் கண்டாக்கையாவும் இல்லை.

வருஷங்கள் போயின. அக்கா மேல் வீட்டில் பின்பக்கத்து மண் சரியாமல் கல் அடுக்கிக் கட்டினார். ஒவ்வொரு கல்லும் அவர் கையால் தூக்கி வைத்தது. லீக்ஸ், பீட்ரூட், கொஞ்சம் ரோஜா. கீழே மூன்றாம் வீட்டில் அழகன் அண்ணன் முன்வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்து செத்துப்போனார். கொழும்பில் வேலை பார்த்த அவருடைய மகன் ஜீவராஜ், கொரோனா நேரத்தில் வேலை போய் ஊருக்கு வந்து, முன் அறையில் ஒரு கடை போட்டான். பாண், பருப்பு, போன் ரீலோட். கலியாணம் கட்டினான். சுலக்ஷனா நல்ல பிள்ளை. இப்போது ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது.

போன வருஷம் காணி உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம், கொடுத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, எல்லாம் உண்டு. பெயரை வாசித்தார்கள்: "இலக்கம் மூன்று, பேச்சியம்மா." பந்தலில் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தோம். அக்கா எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கினார். "இலக்கம் நாற்பத்தொன்று, காலஞ்சென்ற அழகன்." ஜீவராஜ் எழுந்து போய் வாங்கினான். அவன் முகம் கறுத்துவிட்டது.

மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் கத்தி, ஏசி, சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிட்டார்கள். அந்த வீடுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான், எது கிடைத்தால் என்ன. மூன்றாம் வீடு அப்படியில்லை. ஜீவராஜின் பிழைப்பே அதில்தான். அக்கா ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னமே அவன் கடை வாசலில் நின்று சத்தம் போட்டான்.

"மேல் வீடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? எங்கப்பாவே சொல்லியிருக்காரு. இப்ப பேப்பரக் காட்டிக் கடையப் புடுங்க வந்தா நா சும்மா இருக்க மாட்டேன்!"

அழகன் அண்ணன் மகனிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். கால் ஏறாது என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

அவன் போட்ட சத்தம் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி அக்கா காதுக்குப் போனது. அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானுஓயாவிலிருந்து வினோதா போனில், "அம்மா, சட்டப்படி ஒங்க வீடும்மா, எறங்கிப் போங்க" என்று தினமும் சொன்னாள். அக்கா இரண்டு வாரம் மேலேயே இருந்தார். பாண் வாங்கக்கூடக் கீழே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஏறிப் போனேன். அக்கா குசினி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் வீங்கியிருந்தன. முப்பத்தெட்டு வருஷம் கூடையோடு மலை ஏறிய கால், அதற்கு மேல் எட்டு வருஷம் இந்தப் படி.

"டாக்டர் படி ஏறக் கூடாதுங்கிறாரு" என்றார். "அவரு எங்க வீட்டப் பாத்ததில்ல." சிரித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, மாத்தி எழுதிக் குடுத்துடலாம். அந்தப் பய மூஞ்சி நெனச்சா மனசு நோகுது. கைப்புள்ள வேற."

"அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

தைலப் போத்தலை மூடிக்கொண்டே இருந்தார். மூடி மூடிய பிறகும் அதைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஆசையாத்தான்டா இருக்கு" என்றார். "கீழ் வீடு. காலையில எந்திரிச்சு, கதவத் தொறந்து, நேரா ரோட்டுக்கு. அந்தப் பேப்பரக் கையில வாங்கினதும் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. சரி, சொல்லிட்டேன், நீ மறந்துடு. அவன்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. அவங்கப்பா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

நான் மறக்கவில்லை. எப்படி மறப்பது?

அடுத்த வாரம் மூவரும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். அக்கா, ஜீவராஜ், நான். பஸ்ஸில் அவன் முன்னால் நின்றான், அக்கா பின்னால் உட்கார்ந்தார், நடுவில் நான், தபால்பெட்டி மாதிரி. அங்கே இருந்த மிஸ் நல்ல பெண். இரண்டு உறுதியையும் வாங்கிப் பார்த்து, ஒரு விண்ணப்பப் படிவம் கொடுத்தார். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மேலே அனுப்பலாம் என்றார். பிறகு ஒரு கட்டத்தைப் பேனாவால் தொட்டு, "மொகத ஹேதுவ?" என்றார். என்ன காரணத்தால் அன்று வீடு மாறினார்கள், அதை எழுத வேண்டும்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜீவராஜைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் மேல் வீடு கேட்டேன்னு எழுது. ரோட்டுச் சத்தம் எனக்கு ஒத்துக்கலன்னு எழுது."

ஜீவராஜ் வேறு பக்கம் திரும்பி, "அதத்தானே நானும் சொன்னேன்" என்றான்.

அந்த ஒரு சொல்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கடையில் பில் எழுதி எழுதிப் பழகிய கை, சிங்களத்தில் தானாக ஓடும். எழுதினேன். 'காலஞ்சென்ற அழகன் என்பவரின் கால் மடங்காது. நூற்றுப் பன்னிரண்டு படி ஏற முடியாது. அதனால் பேச்சியம்மா தனக்கு விழுந்த ரோட்டோர வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய மேல் வீட்டை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் கேட்டு ஒன்றும் வாங்கவில்லை. இப்போது அவருக்கும் கால் முடியாது.' எழுதி முடித்து, அக்கா பக்கம் நகர்த்தினேன். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. காட்டின இடத்தில் பெயரை எழுதினார். ஏமாற்றுத்தான். தெரிந்துதான் செய்தேன்.

ஜீவராஜ் கொழும்பில் ஆறு வருஷம் இருந்தவன். வாசிக்கத் தெரியும். பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தவன், குனிந்தபடியே நின்றான். உதடு அசைந்தது. முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசித்தான்.

"அத்த," என்றான். "அப்பாவால படி ஏற முடியாதுன்னுதான் குடுத்தீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பிய திருப்பம் இருக்கிறதே, சாமி! "அடப்பாவி! ஒன்ன நம்பி வந்தேன் பாரு. செத்தவர மானங்கெடுத்திட்டியேடா!" முழு செயலகமும் திரும்பிப் பார்த்தது. மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அவன் கிறுக்கன், என்னமோ எழுதிட்டான் ஜீவா. நீ கையெழுத்தப் போடு."

"உண்மையா இல்லையா, அத சொல்லுங்க."

அந்த வாய் பேசாமல் இருந்ததே பதில்.

"எங்கிட்ட ஏன் அப்பா சொல்லல?"

"எப்புடிடா சொல்லுவாரு? மலையில முதல் ஆளா நின்ன மனுசன். பெத்த புள்ளகிட்ட, என்னால ஏற முடியலன்னு சொல்லுவாரா?"

ஜீவராஜ் கண்ணைத் துடைத்தான். கடை வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் போட்ட சத்தம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். பேனாவை மூடினான். பிறகு கேட்டான்:

"அத்த, ஒங்களுக்கு எந்த வீடு வேணும்?"

அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் வீடு என்று சொல்வார் என்று அவன் நம்பியிருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"கலியாணம் கட்டி வந்தப்ப கண்டாக்கு குடுத்த காம்பராவுல இருந்தேன். மண்ணு சரிஞ்சப்ப பள்ளிக்கூடத்துல இருன்னாங்க, இருந்தேன். பொறகு சீட்டு. பொறகு ஒங்கப்பா காலு. இப்படி ஒரு வார்த்த எங்கிட்ட யாருமே கேட்டதில்லடா ஜீவா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுட்ட. பொய் சொல்ல மாட்டேன். எனக்குக் கீழ் வீடு வேணும்."

அவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். "சரி அத்த" என்றான். பிறகு, "சுலக்ஷனாகிட்ட நீங்களே சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

"சொல்றேன். முன் அறைக் கடை ஒனக்குத்தான். நீ காலையில எறங்கி வந்து தொற."

நான் படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். மிஸ் சிங்களத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார். உறுதியில் இருப்பதே சரி, ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சொன்னேன்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சுலக்ஷனா இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. பேசாததில் என்ன தப்பு? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏறிப் பாருங்கள், தெரியும். இப்போது காய்கறித் தோட்டம் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது, பேசுகிறாள். என்னோடு அக்கா மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஏசினார், அதனால் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சாமான் இறக்கின மறுநாள் காலை நான் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன். பேச்சியக்கா மூன்றாம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்தார். கையில் பை இல்லை, குடை இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். திரும்பி வீட்டு வாசல் வரைக்கும் நடந்தார். மறுபடியும் வந்தார்.

"எங்கக்கா போறீங்க?" என்றேன்.

"எங்கயும் இல்லடா" என்றார். "சும்மா நடக்குறேன்."